பஜனை கோயில் மரச்சாமான் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

குரோதி வருடம் பொங்கல் கழித்துத் தொடங்கிய வேலை பங்குனியோடு முடிந்தது. புத்தக அலமாரி, சுவாமி படம் வைக்கும் மர மண்டபம், ஊஞ்சல் பலகை, ஹார்மோனியப் பெட்டி, பெஞ்சுகள் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் வருகிற உறவுக்காரர்களுக்கு இந்த முறை வாடகை நாற்காலி எடுக்க வேண்டாம். வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. "பெயின்ட் அடிக்கிறதுக்கு எதுக்கு இத்தனை நாள்?" என்று கேட்டவர்களுக்கும், வீட்டுப் பழைய பீரோவில் கை வைக்க நினைப்பவர்களுக்கும் சில விவரங்களை இங்கே எழுதுகிறோம்.

மேற்பார்வைக்கு ஆசாரி ஒருவர் வந்து போனார். மற்றபடி உப்புத்தாள் பிடித்தவர்கள் நம் உறுப்பினர்களும் பிள்ளைகளும்தான். வேலையில் முக்கால் பங்கு பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நடந்தது. விளக்கெண்ணெய்ப் பிசுக்கு, கற்பூரக் கரி, சந்தனம், கைபட்ட அழுக்கு என்று பல வருடத்துச் சேர்மானம் மரத்தின் மேல் இருந்தது. பிசுக்கைக் கழுவாமல் தேய்த்தால் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். பிறகு என்ன அடித்தாலும் அங்கே ஒட்டாது. சலவை சோடா கரைத்த வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, நல்ல தண்ணீரில் மறுபடி துடைத்து, நிழலில் காயவைத்த பிறகுதான் உப்புத்தாள்.

எல்லாவற்றையும் மரம் தெரியச் சுரண்ட வேண்டும் என்று சிலர் நின்றார்கள். அது தேவையில்லை. பெஞ்சுகள் மாமரம், நடுவில் வேறு வேறு பலகை போட்டு ஒட்டுப்போட்டவை. பாலீஷ் போட்டால் ஒட்டு அத்தனையும் பல்லைக் காட்டும். பழைய பெயின்ட் உறுதியாகப் பிடித்திருந்த இடத்தில் பளபளப்பு மங்குமளவுக்கு 220 நம்பர் உப்புத்தாளில் (நம்பர் கூடினால் தாள் மென்மை) தேய்த்தோம். உரிந்த இடத்தில் மட்டும் சுரண்டி, பிரைமர் கொடுத்து, பள்ளத்துக்கு மக்கு (அடைக்கும் பசை) வைத்து, மறுபடி தேய்த்து, எனாமல் இரண்டு கோட் கொடுத்தோம். அவ்வளவுதான் பெஞ்சுக் கதை.

பழைய பெயின்டைத் தேய்க்கும்போது சின்னப் பிள்ளைகளை வெளியே அனுப்பினோம். சில தாய்மார்களுக்கு அது வருத்தம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வது நல்லது. அதனால் தண்ணீர் தொட்டே தேய்த்தோம், தூசு பறக்கவிடவில்லை. முகமூடி போட்டோம், கழிவை ஈரத்துணியால் வழித்து எடுத்தோம்.

அலமாரிதான் அதிக நாள் இழுத்தது. நீலத்துக்கு மேல் நீலமாக எத்தனை கோட் என்று தெரியவில்லை. வாசலுக்கு வெளியே வைத்து, கையுறை போட்டு, பெயின்டை இளக்கும் ரிமூவர் தடவினோம். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியதும் தகட்டால் வழித்தோம். கீழே தேக்கு. 2021 நவம்பரில் கௌண்டன்ய ஆற்று வெள்ளத்தில் நனைந்த அடிப்பலகையில் ஆணியைச் சுற்றி மட்டும் மை ஊற்றியதுபோல் கருப்பு. ஈரத்தில் இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்பும் சேர்ந்தால் அப்படி ஆகும். ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவி, கழுவி எடுத்ததில் பெரும்பகுதி வெளுத்தது. அந்த அமிலம் விஷம், வீட்டில் செய்கிறவர்கள் சமையல் பாத்திரத்தில் கரைக்க வேண்டாம்.

இரண்டாவது தட்டின் விளிம்பில் நீலம் கழன்றதும் வெள்ளை எழுத்து தெரிந்தது: 'உபயம்'. அடுத்து ஒரு பெயரின் முதல் எழுத்தும் பாதிக் கொம்பும். மீதியை முன்பே யாரோ தேய்த்திருக்கிறார்கள். அழித்துவிட்டுப் புதிய உபயதாரர் பெயரை எழுதலாம் என்று யோசனை வந்தது. குழு ஒப்பவில்லை. அந்த விளிம்பில் மட்டும் உப்புத்தாள் படவில்லை. எழுத்தின் மேலேயே அரக்குப் பாலீஷ் ஓடியிருக்கிறது, போய்ப் பார்க்கலாம். மர மண்டபத்துக்குத் தங்க பெயின்ட் அடிக்கும் கோரிக்கையும் வந்தது. அதைப்பற்றிக் கூடுதலாக எழுதவில்லை.

பாலீஷ் என்பது ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 150 கிராம் அரக்குச் செதில் ஊறவைத்து வடிகட்டியது. முதலில் 120, பிறகு 180, 220 நம்பர் தாள், எல்லாம் மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே. குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் பாலீஷ் அதை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, பாலீஷில் தொட்டு, லேசாகப் பிழிந்து, நடுவில் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நிறுத்திய இடத்தில் துணி ஒட்டிக்கொள்ளும். மழை ஈரத்தில் போட்டால் அரக்கு வெள்ளை பூக்கும். கார்த்திகையில் தொடங்காமல் தைக்குக் காத்திருந்தது அதற்காகத்தான். நம்மூர் வெயில் ஏறிய பிறகு போட்டாலோ ஸ்பிரிட் சட்டென்று ஆவியாகி இழுத்த கோடு அப்படியே நின்றுவிடும். ஆகவே காலைப் பூஜை முடிந்த கையோடு வேலை, வெயில் ஏறினால் நிறுத்தம்.

ஊஞ்சல் பலகைக்கு மட்டும் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய். அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வைத்து, பிறகு அப்புறப்படுத்தினோம்.

உற்சவர் பல்லக்கைத் தொடவில்லை. அது ஸ்தபதியிடம் கேட்டுச் செய்ய வேண்டியது. பொதுக்குழு முடிவுக்கு விட்டிருக்கிறோம்.

சுடச்சுடப் பொங்கல் பாத்திரத்தையோ காபி டம்ளரையோ அலமாரி மேலும் ஹார்மோனியப் பெட்டி மேலும் வைக்க வேண்டாம், வெள்ளை வளையம் விழும். பெஞ்சில் தாராளமாக வைக்கலாம். மிச்சமான உப்புத்தாளும் ஒரு டப்பா பிரைமரும் பொருளாளரிடம் இருக்கின்றன. வேண்டிய உறுப்பினர்கள் நோட்டில் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு