செவ்வாய்க்கிழமை வந்த படம்

பாப்பா,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் "அப்புறம் கூப்பிடுறேன்பா" என்கிறாய், அந்த அப்புறம் மூன்று வாரமாக வரவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

இரண்டு பச்சோந்தியும் ஒரே கிளையில், ஒன்றின் முதுகில் இன்னொன்று கால் வைத்துக்கொண்டு. "எவ்வளவு ஒற்றுமையா இருக்கு பாருங்க" என்று கீழே எழுதியிருந்தாய். அம்மா அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது ஒற்றுமையாகத் தெரியவில்லை. அந்தக் கிளை விளக்குக்கு நேர் கீழே இருக்கிறது, கூண்டிலேயே கதகதப்பான இடம், புற ஊதா வெளிச்சம் நன்றாக விழுகிற இடமும் அதுதான். பெரியது அதைப் பிடித்துக்கொண்டது. சின்னதுக்கும் வெயில் காய வேண்டுமே, போக வேறு இடமில்லாமல் அதன் அடியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே இருப்பது மறைத்துவிட்டால் கீழே இருப்பதற்கு மிஞ்சுவது நிழல்தான். அந்த வெளிச்சம் படாவிட்டால் டி வைட்டமின் குறையும், சுண்ணாம்புச் சத்து சேராது, எலும்பு வளையும். உனக்குத் தெரியாததா இது. பள்ளிக்கூட நாளில் எனக்கே பாடம் எடுத்தவள் நீ.

இன்னொன்று. சின்னது கண்ணை மூடியிருக்கிறது. கவனித்தாயா? படம் வந்த நேரம் செவ்வாய்க்கிழமை பகல் 11 மணி. நல்ல நிலையில் இருக்கும் பச்சோந்தி பகலில் கண்ணை மூடாது, ஒரு கண் முன்னாலும் ஒரு கண் பின்னாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். மூடினால் உடம்பு சரியில்லை, இல்லையென்றால் எதையோ பார்க்கப் பிடிக்காமல் மூடிக்கொண்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை பகல் 11 மணிக்கு. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆணும் பெண்ணும் என்றால் சேர்ந்து இருக்கும் என்று விற்றவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவருக்கென்ன, இரண்டை விற்றுவிட்டார். பச்சோந்தி தனியாக வாழும் பிராணி, இனம் சேர்கிற நேரம் போக மற்ற நேரத்தில் இன்னொன்றின் முகத்தில் விழிக்கவே பிடிக்காது. அதுவும் உன்னிடம் இருப்பது தலையில் கொண்டை வைத்த வெயில்டு இனம், யேமன் பக்கத்திலிருந்து வந்தது, கோபத்துக்குப் பேர்போனது. ஆண் விடாமல் துரத்தும். பெண் கருத்துப்போய், வாயைத் திறந்து சீறி, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லும், கூண்டுக்குள் எங்கே ஓடுவது? முட்டை வேறு. ஒரே தடவையில் இருபது முப்பது இடும், அதைவிட அதிகமும் இடும். ஒருமுறை சேர்ந்தாலே போதும், ஆணின் விந்தணுவை உடம்பில் வைத்திருந்து அடுத்த ஈட்டுக்கும் கருவாக்கிக்கொள்ளும். முட்டையிட ஆழமான ஈர மணல் வேண்டும், அது இல்லாமல் முட்டை உள்ளேயே தங்கிப்போனால் உயிருக்கே ஆபத்து. மணல் வைத்திருக்கிறாயா? படத்தில் தெரியவில்லை.

விற்ற இடத்தில் ஒரே தொட்டியில் பத்துப் பன்னிரண்டு கிடந்ததே என்பாய். அவை குஞ்சுகள். குஞ்சுகளைக் கொஞ்ச நாள் சேர்த்து வைப்பார்கள், இரண்டு மூன்று மாதத்தில் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும், அப்போது பிரித்துவிடுவார்கள்.

பிரித்து வை பாப்பா. இரண்டு கூண்டு. நடுவே அட்டையோ பலகையோ, ஒன்றை ஒன்று பார்க்கவே கூடாது. பார்த்தாலே போதும், கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்தே பயந்து கருக்கும் பிராணி அது. இலைக்குத் தக்கபடி நிறம் மாறும் என்று சின்ன வயதில் உனக்குக் கதை சொன்னவன் நான். அது தப்பு, பெரும்பாலும் மனநிலைக்கும் சூட்டுக்கும்தான் மாறுகிறது. தோலுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள் நெருங்கி விலகுவதால்தான் அந்த மாற்றம் என்று 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். உனக்கு அனுப்பலாம் என்று படித்து வைத்தேன், அப்புறம் அனுப்பவில்லை.

நீ வீட்டில் இருக்கிற நேரத்தில் சின்னதின் எடையைப் பார், சமையலறைத் தராசே போதும், வாரம் ஒரு தடவை எழுதி வை. பச்சோந்தி நோவை வெளியே காட்டாது. காட்டினால் வேறு பிராணி பிடித்துத் தின்றுவிடும் என்று கடைசிவரை கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நன்றாக இருப்பதுபோலவே உட்கார்ந்திருக்கும். நமக்குத் தெரியவரும்போது நாள் கடந்திருக்கும். கேட்டால் அதற்குச் சொல்ல வாய் இல்லை. உனக்கு இருக்கிறது.

சிட்டு நினைவிருக்கிறதா.

இருக்கும். நீ மறக்க மாட்டாய், நான்தான் மறக்காதபடி செய்தேன். "தண்ணி தெளிக்க மறந்துட்டே, அதான் செத்துப்போச்சு" என்று உன்னிடம் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளையிடம். அன்றைக்கு ஆரம்பித்ததுதானே உனக்கு எல்லாவற்றுக்கும் அலாரம் வைக்கிற பழக்கம். நீ மறக்கவில்லை பாப்பா. தினமும் தெளித்தாய், நான் பார்த்தேன். பச்சோந்தி இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும், கிண்ணத்துத் தண்ணீர் பெரும்பாலும் அதன் கண்ணுக்குத் தண்ணீராகவே தெரியாது. நீ தெளித்த இலைக்குப் பக்கத்தில் எப்போதும் அதே கூண்டில் இருந்த இன்னொரு பச்சோந்தி, ராஜா, உட்கார்ந்திருந்தது. சிட்டு கீழே, கூண்டின் மூலையில், காய்ந்த இலை நிறத்தில், கண் குழிந்துபோய். சண்டை இல்லை, கடி இல்லை, ஒரு கீறல் கூட இல்லை, அதனால் பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரித்து வையுங்கள் என்று எனக்குச் சொன்னவர்களும் இருந்தார்கள். இன்னொரு கூண்டு, இன்னொரு விளக்கு வாங்க அந்த மாதம் என் கையில் காசு இல்லை. ஏன் இல்லை என்று உன் அம்மாவுக்கே அப்போது தெரியாது, நான் தினமும் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்க்கொண்டுதான் இருந்தேன். சித்தப்பாவிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். கேட்க வாய் வரவில்லை. அதைவிடப் பழியை உன்மேல் போடுவது சுலபமாக இருந்தது.

இத்தனை வருடம் கழித்து இதைச் சொல்வதால் உனக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்காது, தெரியும்.

ராஜாவின் கூண்டு மாடியில்தான் இருந்தது. இரண்டடி அகலம், நாலடி உயரம், வலை கொஞ்சம் ஒரு ஓரத்தில் பிய்ந்திருந்தது, தைத்துவிட்டேன். கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறேன். விளக்கு புதிதாகவே வாங்கிவிட்டேன், பழைய விளக்கு எரியும், ஆனால் புற ஊதா போயிருக்கும். நாளைக்குப் பார்சலில் போடுகிறேன். வேண்டாம் என்று எழுதாதே, போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

அது வருகிறவரை நடுவே அட்டையை இன்று இரவே வைத்துவிடு, சின்னது பக்கம் தனியாக ஒரு விளக்கும் தெளித்த இலையும் இருக்கட்டும். வைத்ததும் படம் அனுப்பு. எந்த நாள், எத்தனை மணிக்கு அனுப்பினாலும் பரவாயில்லை.

அப்பா