விவரப் பலகை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அருங்காட்சியகங்களையும் கலைக் கண்காட்சிகளையும் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். காட்சிப் பொருட்களுக்குக் கீழே நீங்கள் ஆங்கிலத்தில் எழுதி வைக்கும் விவரப் பலகைகளைப் பற்றித்தான் இந்த மடல். கித்தானில் வரைந்தவர் என்றால் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று போட்டு, பெயர், பிறந்த ஆண்டு, படித்த கல்லூரி வரை எழுதுகிறீர்கள். பக்கத்திலேயே சுவாமிமலையில் வார்த்த நடராசர் இருந்தால், பல இடங்களில் ‘ஆர்ட்டிசன்’, அதாவது கைவினைஞர், என்ற ஒரே சொல்லோடு சரி. செய்தவர் பெயரே இருப்பதில்லை.

இரண்டும் லத்தீனில் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். மூளையால் படைப்பவர் ஒருவர், பழகிய முறைப்படி கையால் செய்பவர் இன்னொருவர் என்ற பிரிவினை ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் கெட்டிப்பட்டது. 1768இல் லண்டனில் தொடங்கிய ராயல் அகாடமி, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சுப்படம் எடுப்பவர்களை வெகுகாலம் முழு உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை. அடுத்தவர் ஓவியத்தை நகலெடுப்பவர்கள்தானே என்ற எண்ணம். அங்கே கிழித்த கோட்டை இங்கே சிலை வடிக்கும் ஒரு ஸ்தபதி மேல் எதற்குப் போட வேண்டும்?

அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தென்னை ஓலை நறுக்கைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்கிறார். சிற்ப நூல் சொல்லும் அளவு முறைகளில் ஒன்றான உத்தம தசதாலம் என்றால் மொத்த உயரம் 124 பங்கு. முகத்துக்கு எவ்வளவு, தொடைக்கு எவ்வளவு என்று நூல் சொல்லிவிடும். ஆனால் இடுப்பு எந்த அளவு வளைய வேண்டும், உதட்டில் சிரிப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை எந்த ஓலையும் சொல்லாது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகில் அதை அவர் விரலும் கத்தியும்தான் முடிவு செய்கின்றன. அப்புறம் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் கரு எனப்படும் அந்த மண் அச்சை உடைத்தே ஆக வேண்டும். மெழுகும் போனது, கருவும் போனது. அடுத்த சிலைக்கு மறுபடி முதலிலிருந்துதான். இதை நகல் என்று எப்படிச் சொல்வது?

1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சென்னைக்கு அருகே அமைத்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் ஓவியர்கள் பத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) முதலான கைவினைப் பொருட்கள் செய்து விற்றுத்தான் வாழ்க்கையை ஓட்டினார்கள். அதற்காக அவர்களை யாரும் ‘ஆர்ட்டிசன்’ ஆக்கவில்லை. அதுதான் நியாயம். அதே நியாயம் சுவாமிமலைக்கும் வேண்டும்.

‘ஆர்ட்டிசன்’ என்பதை இழிவான சொல் என்று நான் சொல்லவில்லை. பானை வனைபவரும் பாய் நெய்பவரும் பெருமையோடு ஏற்கக்கூடிய சொல்தான் அது. ஆனால் அவர்களுக்கும் பெயர் உண்டு. பெயருக்குப் பதிலாக அந்தச் சொல்லைப் போடுவதுதான் வலிக்கிறது.

ஆகவே, ‘ஸ்தபதி’ என்பதை ஆங்கிலப் பலகையிலும் அப்படியே எழுதுங்கள். செய்தவர் பெயர், ஊர், பட்டறை மூன்றையும் போடுங்கள். மெழுகு வேலை ஒருவர், வார்ப்பு ஒருவர், உளி வேலை ஒருவர் என்றால் மூவர் பெயரும் வரட்டும். வாங்கும்போதே கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டால் போதும், பெரிய செலவில்லை. பழைய சிலைக்குச் செய்தவர் யாரென்று தெரியாவிட்டால், ‘பெயர் தெரியவில்லை’ என்றே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு பார்வையாளர்