சிறைவாசச் சான்றில் நாள் குறைந்தால்

ஆசிரியருக்கு,

சிறையில் இருந்ததற்குச் சான்று வாங்குவது பற்றிய உங்கள் கட்டுரை, 'கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்தால் போதும்' என்று முடிகிறது. மனு கொடுப்பது எளிது. கைக்கு வரும் சான்றில் நாள் குறைவதுதான் தலைவலி.

விசாரணைக் காலச் சிறைவாசத்தைத் தண்டனையில் கழிப்பதற்கு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 428ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டம் 468ஆம் பிரிவு) அதே வழக்கில் அடைபட்டிருந்த நாள்கள் மட்டுமே செல்லும். ஒரு வழக்கில் உள்ளே இருப்பவர்மீது இன்னொரு வழக்கும் இருந்தால், பி.டி. வாரண்டில் (சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்காக நீதிமன்றத்துக்கு வரவழைக்கும் உத்தரவு) ஆஜராகி, அந்த வழக்கிலும் ரிமாண்ட் ஆன (காவலில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட்ட) பிறகுதான் அதற்கு நாள் ஓடும். ஆகவே 'மொத்தம் எத்தனை நாள்' என்று கேட்கக் கூடாது. காவல் நிலையம், குற்ற எண், நீதிமன்ற வழக்கு எண் மூன்றையும் எழுதி, வழக்குவாரியாகக் கேட்க வேண்டும்.

போலீஸ் காவலில் எடுத்த நாள்களும் கணக்கில் சேரும். 3ஆம் தேதி ரிமாண்ட், 8ஆம் தேதி போலீஸ் காவல், 12ஆம் தேதி மீண்டும் சிறை என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக உள்ளே வந்த தேதியிலிருந்து எண்ணினால் ஒன்பது நாள் போச்சு! இதைத் திருத்த ரிமாண்ட் உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டும். நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு வாங்கலாம். கிளைச் சிறையிலிருந்து மத்திய சிறைக்கு மாற்றப்பட்டவர்கள் இரண்டு இடத்துத் தேதிகளையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பெயர்ச் சிக்கல் தனி. முதல் தகவல் அறிக்கையில் 'முருகன் என்கிற முருகேசன்' என்றிருக்கும். ஆதாரில் இனிஷியலோடு 'முருகேசன்' மட்டும். மனுவில் இரண்டையும் தந்தை பெயரோடு எழுதிவிடுங்கள். பதிலே வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சம்பந்தப்பட்டவரே கேட்கலாம். 30 நாள் கெடு. இன்னும் உள்ளே இருப்பவருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும்.

1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவில், தண்டனை விதிக்காமல் பிணைப்பத்திரம் எழுதி வாங்கி விடுவிக்கப்பட்டவர்கள் சிறை வாசலில் நின்று பயனில்லை. அந்தத் தீர்ப்புக்காகச் சிறைக்கு யாரும் அனுப்பவில்லையே! அவர்களுக்குச் சான்று நீதிமன்ற உத்தரவுதான். மேற்பார்வையும் விதித்திருந்தால், அந்தக் காலம் முடிந்ததை நன்னடத்தை அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி உத்தரவோடு சேர்த்து வைக்கலாம். வேலைக்கு மனுச் செய்யும்போது அதே சட்டத்தின் 12ஆம் பிரிவையும் குறிப்பிடலாம். 4ஆம் பிரிவில் விடப்பட்டவருக்குக் குற்றத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது அது.

— சட்ட உதவித் தன்னார்வலர் ஒருவர்