முதல் தையல் சாக்கில் தொடங்கட்டும்

ஆசிரியருக்கு,

பாடசாலைக் கைப்பணிக் கண்காட்சிகளில் தரம் 3, 4 பிள்ளைகளின் பெயரோடு தொங்கும் பூவேலைக் கைக்குட்டைகளைத் தைத்தது அம்மாவா, அம்மம்மாவா என்று கேட்கத் தோன்றுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு மெல்லிய துணியும் கூரூசியும் கொடுத்து, மிச்சத்தை வீட்டில் முடித்துவா என்றால் வேறென்ன நடக்கும்? குறை கொடுத்த பொருளில்தான்.

முதல் தையலுக்குச் சணல் சாக்கே உகந்தது. இழைகளுக்கு நடுவே இடைவெளி தெரிவதால் முனை மழுங்கிய 18ஆம் இலக்க ஊசி சிரமமின்றி இறங்கும். (ஒரே வகை ஊசிக்குள் இலக்கம் கூடக்கூடப் பருமன் குறையும், கடையில் பலர் மாறி வாங்குகிறார்கள்.) இப்போது அரிசி வருகிற பிளாஸ்ரிக் சாக்கு சரிவராது, நாடா நாடாகப் பிரிந்துவிடும். சணல் சாக்கை முன்கூட்டியே கழுவிக் காயவிடாவிட்டால் வகுப்பு முழுக்கத் தும்மல்தான். 6 அங்குலச் சதுரமாக வெட்டி, ஓரத்தில் பசை தடவிக் காயவைத்தால் இழை கழராது.

பிள்ளைகள் அதிகம் விடும் பிழை, கீழே போன ஊசியைத் துணிக்குள்ளால் மேலே எடுக்காமல் ஓரத்தைச் சுற்றிக் கொண்டுவருவது. மட்டைப்பெட்டியில் சட்டம் வெட்டிச் சாக்கை அதில் விறைப்பாக ஒட்டிக் கொடுத்தால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

நூலுக்குக் கம்பளி நல்லது. பிள்ளையின் தோளிலிருந்து விரல்நுனி வரை நீளம் போதும். ஒவ்வொரு இழுவைக்கும் நூல் முறுகுவதால், நீளம் கூடினால் சிக்கும். இடையிடையே ஊசியைத் தொங்கவிட்டால் முறுக்குத் தானாக அவிழும். ஊசி கோர்த்துக் கொடுப்பதிலேயே ஆசிரியையின் பாடவேளை முடிந்துவிடுவதுதான் பெரிய தலையிடி. முதல்நாளே கோர்த்து, நூலை ஊசிக்காதிலேயே ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள்; சாக்கின் இடைவெளிக்குள் அந்த முடிச்சு தடைப்படாது. பிழைத்த தையலை அவிழ்க்கும்போது ஊசியை அதே துளையால் திருப்பி விடக்கூடாது. நூலின் இழைக்குள் ஊசி புகுந்து இறுகிவிடும். முடிச்சை வெட்டி, ஊசியைக் கழற்றி, நூலைப் பின்னோக்கி உருவுவதே வழி.

இடக்கைப் பிள்ளைகள் இடமிருந்து வலமாகத் தைக்கட்டும். ஆசிரியைக்கு நேர் எதிரே இருத்தினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துச் செய்துவிடுவார்கள்.

அடுத்த படிக்குப் புதுத்துணி தேவையில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய பருத்திச் சாரம் (லுங்கி) போதும். சின்னக் கட்டமுள்ளதாகப் பார்த்து எடுத்தால் கட்டமே கோடாகிவிடும்: ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் கீழே. இதற்கு மழுங்கிய ஊசி இறங்காது; 5ஆம் இலக்கப் பூவேலை ஊசியும் (இதன் இலக்க வரிசை வேறு, மழுங்கிய 18ஐ விட இது மெல்லியது), ஆறிழை நூலில் பிரித்தெடுத்த மூன்று இழையும் வேண்டும். நூலை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும் என்பதைத் தட்டையாக விரித்துக் காட்டினாலே விளங்கிவிடும். தெறி (பொத்தான்) தைப்பதைத் தரம் 5க்கு விடலாம், புலமைப்பரிசில் பரீட்சை இடம் கொடுத்தால்.

ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். பழுதான ஸ்பீக்கரின் காந்தத்தை நிலத்தில் ஓட்டினால் விழுந்தது அகப்படும்.

கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துணியைப் புரட்டிப் பின்பக்கத்தையும் பாருங்கள். முடிச்சும் கோணலும் இருந்தால் அது பிள்ளையின் கைவேலை. அதற்குப் புள்ளி குறைக்காதீர்கள்.

மனைப்பொருளியல் ஆசிரியைகள் இருவர்,
கோண்டாவில்.