'எடுக்கவே கூடாது' என்ற ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், கை கால் மரத்துப்போவதாக எழுதியிருந்த வாசகருக்கு, 'பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவே கூடாது' என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். அந்த 'எடுக்கவே' என்ற சொல்லைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

என் கணவருக்கு 2018-இல் பேஸ்மேக்கர் வைத்தார்கள். போன வருடம் ஆடி மாதம் கடைக்குப் போய்விட்டு வந்தவர், ஒரு காலில் செருப்பில்லாமல் வாசலில் நின்றார். செருப்பு எங்கே என்று நான் கேட்ட பிறகு குனிந்து பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது. பாதம் அந்த அளவுக்கு மரத்திருந்தது. நரம்பு டாக்டர் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் சென்டரில், ஃபாரத்தில் பேஸ்மேக்கர் என்ற இடத்தில் டிக் அடித்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன கம்பெனி, என்ன மாடல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னொரு சென்டரிலும் அதே கதைதான். சி.டி. எடுத்தோம். எலும்பு தெரிந்தது, தண்டுவடம் நசுங்கியிருந்தது தெரியவில்லை. இப்படியே 19 நாள் போயிற்று. அதற்குள் அவருக்குச் சட்டைப் பொத்தான் போடக் கை வரவில்லை.

கடைசியில் இதய டாக்டர்தான், "கார்டு எங்கேம்மா?" என்று கேட்டார். டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த கார்டு பீரோவில் பத்திரங்களுக்கு நடுவே கிடந்தது. அவரது கருவியும் அதிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர்களும் எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவை என்று அதிலேயே இருந்தது. வைத்த அன்றே அதை ஒருவர் எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் தனி.

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் 1.5 டெஸ்லா காந்த சக்தியுள்ள மெஷினில் ஸ்கேன் எடுத்தார்கள். முதலில் நெஞ்சின்மேல் ஒரு கருவியை வைத்து, வெளி சிக்னல் எதையும் பொருட்படுத்தாமல் ஒரே சீராகத் துடிப்பைக் கொடுக்கும்படி பேஸ்மேக்கரை மாற்றினார்கள். உள்ளே இருந்த நேரம் முழுக்க ஈ.சி.ஜி.யையும் ஆக்சிஜனையும் ஒரு டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் பழையபடி மாற்றி, ஒயர்களைச் சோதித்து அனுப்பினார்கள்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒயர் நுனி சூடாகலாம். மெஷினின் அலைகளை இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு பேஸ்மேக்கர் சும்மா இருந்துவிடலாம். பயன்படாத பழைய ஒயர் உள்ளே இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். அதனால்தான் விசாரித்துச் செய்யச் சொல்கிறார்கள். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கருக்கு அமெரிக்காவில் 2011-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். அப்படி ஏற்றதென்று சான்று இல்லாத கருவிகளோடு, நெஞ்சுப் பகுதியைத் தவிர்த்து எடுத்த 1,500 ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வு 2017-இல் வந்தது. ஸ்கேனின்போது ஒரு உயிர் போகவில்லை, ஒரு ஒயர் பழுதாகவில்லை. முன்கூட்டி முறையாக மாற்றியமைக்காத ஒரு ஐ.சி.டி. கருவியைத்தான் (துடிப்பு தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்வது) எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டியிருந்தது. மருத்துவப் பகுதி நடத்தும் உங்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல.

இது முதல் தடவையும் இல்லை. சில வருடம் முன்பு, மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது பேஸ்மேக்கர் வைத்தவர்கள் சமையலறைப் பக்கமே போகக்கூடாது என்று எழுதினீர்கள். நான் பால் சுடவைக்கும்போதெல்லாம் அவர் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். மணி அடித்த பிறகுதான் உள்ளே வருவார். நல்ல நிலையில் இருக்கும் மைக்ரோவேவால் ஒன்றும் ஆகாது, செல்போனை மட்டும் நெஞ்சிலிருந்து அரை அடி தள்ளி வைத்தால் போதும் என்று டாக்டர் சொன்ன பிறகே அந்தப் பயம் போயிற்று. அப்போதும் உங்களுக்குக் கடிதம் போட்டேன். அது வெளிவரவில்லை. 22 வருடமாகச் சந்தா கட்டி, வந்த அன்றே அட்டை முதல் அட்டை வரை படிக்கிற வீடு இது. நீங்கள் எழுதினால் நம்புகிறோம் ஐயா, அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

கழுத்தில் ஆபரேஷன் நடந்து, இப்போது அவர் நடக்கிறார். வலது கையில் இரண்டு விரல் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. அந்த 19 நாளை யாரிடம் போய்க் கேட்பது?

அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், 'கார்டை எடுத்துக்கொண்டு இதய டாக்டரிடம் கேளுங்கள்' என்று ஒரு திருத்தம் போடுங்கள். அந்த வாசகரை மட்டும் அடுத்த இதழ் வரைக்கும் காக்க வைக்காதீர்கள். அவர் முகவரி உங்களிடம் இருக்கும். தயவுசெய்து நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.