சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதப் பரிசோதனைச் செயலி: குடியாத்தத்திலிருந்து ஒரு நன்கொடை வேண்டுகோள்

குடியாத்தம் வட்டாரத்துப் பெரியோர்களுக்கும், பிழைப்புக்காகப் பெங்களூரு, சென்னை, துபாய் என்று போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டிலிருந்தபடியே தங்கள் பாதத்தைச் சோதித்துக்கொள்ள ஒரு கைபேசிச் செயலி செய்துகொண்டிருக்கிறோம். அது தமிழில் பேசும். விளம்பரம் வராது, யாரும் காசு கட்டவும் வேண்டாம். மொத்தச் செலவு ரூ. 6,40,000. குழுவில் இருப்பவர்களும் தெரிந்தவர்களும் போட்டதில் ரூ. 1,85,000 சேர்ந்திருக்கிறது. மீதி ரூ. 4,55,000-க்குத்தான் இந்த வேண்டுகோள். ஒரு செயலிக்கு இவ்வளவா, அதுவும் நம் ஊருக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதாகக் கணக்கிட்டது. 2021 ஆகஸ்டில் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்ததிலிருந்து மாத்திரை வாசலுக்கே வருகிறது. ஆனால் பாதத்தைத் தினமும் யார் பார்ப்பது? வருடக்கணக்கில் சர்க்கரை கட்டுப்படாமல் ஓடினால் கால் நரம்புகள் மெல்லக் கெடும். பலருக்கு முதலில் எரிச்சல், அப்புறம் மதமதப்பு, பஞ்சின் மேல் நடப்பது போல ஓர் உணர்வு, கடைசியில் ஒன்றுமே தெரியாது. அந்தக் கடைசிக் கட்டத்தில் ஆள் நிம்மதியாக இருப்பார். "முன்னே மாதிரி எரிச்சல் இல்லைங்க" என்பார். செருப்புக்குள் கிடக்கும் சரளைக்கல்லோடு சந்தைக்குப் போய்த் திரும்புவார். ராத்திரி எலி கடித்திருக்கும். விடிந்து பாயில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். இதெல்லாம் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள், எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அக்காவிடம் பேசிப் பாருங்கள். கட்டுப் போடும் அறையில் வேலை பார்த்தவர்.

நம் பக்கம் இன்னொரு விஷயமும் உண்டு. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கத்திரி வெயில், கொதிக்கிற தார்ச்சாலை, வெறுங்கால். சாமி காரியத்துக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை; சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், கொப்புளம் இருந்தால் உடைக்காமல் நாளைக்கே காட்டுங்கள் என்று சொல்ல ஒரு குரல் இருந்தால் போதும்.

உணர்ச்சியில்லாத பாதத்தைப் பற்றி உலகத்துக்குப் பாடம் எடுத்ததில் வேலூருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை என்று கண்டார். வலி தெரியாததால் காயம் கவனிக்கப்படாமல் கிடந்து, அதனால்தான் விரல் போகிறது என்று காட்டினார். தினமும் கையையும் காலையும் உற்றுப் பார்க்கும் பழக்கத்தைச் சி.எம்.சி.யிலும் காட்பாடிக்குப் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று சர்க்கரைக்காரர்களுக்கு எழுதித் தரும், மெத்தென்ற ரப்பராலான எம்.சி.ஆர். செருப்பும் தொழுநோயாளிகளின் காலில் பழகி வந்ததுதான். ஆக, நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. தெரிந்த பாடத்தைக் கைபேசிக்குள் வைக்கிறோம், அவ்வளவுதான்.

செயலியைத் திறந்ததும் அது கேட்கும் முதல் கேள்வி "யாருடைய கால்?" என்பது. கைபேசி பெரும்பாலும் மகனுடையதாகவோ பேத்தியுடையதாகவோ இருக்கும். ஒரே கைபேசியில் அப்பா, அம்மா, பெரியம்மா என்று மூன்று பேர் கணக்கை வைத்துக்கொள்ளலாம். அடுத்தது பார்ப்பது. வயதானவர்களுக்குக் குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாது. அதனால் கைபேசியைத் தரையில் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டச் சொல்கிறோம். முன்பக்கக் கேமராவில் உள்ளங்கால் பெரிதாகத் தெரியும். "குதிகாலைக் காட்டுங்கள், வெடிப்பு இருக்கிறதா? விரலிடுக்கை விரித்துப் பாருங்கள், வெள்ளையாக ஊறிப் போயிருக்கிறதா?" என்று குரல் ஒவ்வொன்றாகக் கேட்கும். ஆணிக்கால், நகம், நிறம், வீக்கம் எல்லாம் வரிசையாக வரும். புறங்கையை வைத்து, ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லும். சர்க்கரையால் கண்ணும் மங்கியவர்களுக்கு வீட்டில் வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு தொட்டுப் பார்க்கும் சோதனை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவாகி 2011-ல் வெளியானது. கருவி எதுவும் வேண்டாம். சர்க்கரைக்காரர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டிலிருக்கும் ஒருவர் ஆள்காட்டி விரல் நுனியால் வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்று வரிசையாக ஓரிரு வினாடி மென்மையாகத் தொட வேண்டும். தெரிந்தால் அவர் வலது, இடது என்று சொல்வார். தெரியவில்லையே என்று மறுபடி தொடக் கூடாது, அழுத்தவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் முயன்று பார்த்தபோது பேரப் பிள்ளைகள்தான் இதை ஒழுங்காகச் செய்தார்கள். பெரியவர்கள், "என்னம்மா, தெரியலையா?" என்று விரலைப் பிடித்து நசுக்கிவிடுகிறார்கள்! அதனால் குரல் இப்போது இரண்டு முறை எச்சரிக்கிறது.

முடிவில் செயலி நோயின் பெயர் எதையும் சொல்லாது. அது மருத்துவர் வேலை. காயம், சீழ், கறுப்பு, திடீர் வீக்கம், சூடு இவற்றில் ஏதாவது இருந்தால் சிவப்பு: இன்றே போங்கள். உணர்ச்சி குறைவு, ஆணிக்கால், வெடிப்பு என்றால் மஞ்சள்: இந்த வாரத்துக்குள் காட்டுங்கள். பச்சையில்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. 'எல்லாம் நன்று' என்று போட்டால், செயலியே சொல்லிவிட்டதே என்று வருடாந்தரப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிடுவார்கள். அதனால் பச்சை சொல்வது இதை மட்டும்தான்: "இன்று கண்ணில் எதுவும் படவில்லை. நாளையும் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை மருத்துவமனையில் காலைக் காட்டுங்கள்." அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அங்கே ஆள் போய்ச் சேர வேண்டுமே, அதற்குத்தான்.

படங்கள் கைபேசியை விட்டு வெளியே போகாது. பெயர், எண் எதையும் நாங்கள் வாங்குவதில்லை. ஒரு நிறுவனம் முழுச் செயலியையும் இலவசமாகவே செய்து தருவதாகச் சொன்னது. பதிலுக்குப் பதிவு செய்பவர்களின் தொலைபேசி எண்களைக் கேட்டது. கும்பிடு போட்டு அனுப்பிவிட்டோம். உங்களிடம் கையேந்தி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, பணம் எங்கே போகிறது? நிரல் எழுதும் வேலைக்கு ரூ. 2,40,000. நம் ஊர்க்காரர்களான இரண்டு பேர் வெளியில் வாங்குவதில் பாதிக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். குரல் பதிவுக்கு ரூ. 30,000, படம் வரைய ரூ. 45,000. சோதித்துப் பார்க்கப் பழைய, மலிவான கைபேசிகள் சிலவற்றுக்கு ரூ. 35,000, காலை வணக்கப் படங்களால் இடம் நிரம்பி வழியும் கைபேசியிலும் இது ஓடியாக வேண்டும். மருத்துவர், வழக்கறிஞர் ஆலோசனைக்கு ரூ. 60,000. இது வீண் செலவு என்று சிலருக்குத் தோன்றலாம். 2020-லிருந்து மருத்துவ உபயோகத்துக்கான மென்பொருளும் மருத்துவக் கருவி விதிகளுக்குள் வந்துவிட்டது. தகவல் பாதுகாப்புக்கு 2023-ல் தனிச் சட்டமே வந்தது. எந்த வாக்கியத்தைச் செயலி சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்தவரிடம் கேட்காமல் வெளியிடப் போவதில்லை.

எங்களைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியமானது களச் சோதனைக்கான ரூ. 90,000. செயலி சொல்வது சரியா என்று பார்க்க, அதே நாளில் அதே ஆளின் பாதத்தை, பயிற்சி பெற்ற செவிலியர், பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்த பிறகுதான் இது தொடங்கும். இரண்டு முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். காயமுள்ள ஒரு காலைச் செயலி பச்சை என்று விட்டிருந்தால் அதைத் திருத்தாமல் வெளியே விடமாட்டோம். அதற்காக எல்லோரையும் சிவப்பு என்று விரட்டினாலும் ஆகாது. இரண்டு முறை வீணாக அலைந்தவர் மூன்றாம் முறை செயலியைத் திறக்கமாட்டார். இந்த ரூ. 90,000-ல் பெரும் பகுதி சோதனைக்கு வருபவர்களின் கூலிக்கு. பீடி சுற்றுகிற அம்மா அரை நாள் எழுந்து வந்தால் அரை நாள் கூலி போச்சு. தறிக்காரருக்கும் அப்படித்தான். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிடுவது நியாயமில்லை.

மீதியில் ரூ. 1,00,000 இரண்டு வருடப் பராமரிப்புக்கு. ஆண்ட்ராய்டு மாறிக்கொண்டே இருக்கும். கூடவே திருத்திக்கொண்டு வராவிட்டால் செயலி ஒரு நாள் திறக்காமல் நின்றுவிடும். கடைசி ரூ. 40,000, பொத்தான் கைபேசி வைத்திருப்பவர்களுக்கும் கைபேசியே இல்லாதவர்களுக்கும் அதே கேள்விகளைப் படத்தோடு அச்சிட்ட அட்டைக்கு. ஐபோனுக்கு இப்போதைக்கு இல்லை. ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர் கட்ட வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு ஒரே முறை 25 டாலர்.

ரூ. 100 தந்தாலும் ரசீது உண்டு. குழு பதிவு பெற்ற அறக்கட்டளை. நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி சான்று இருக்கிறது. வரிச்சலுகை வேண்டுபவர்கள் ரூ. 2,000-க்கு மேல் ரொக்கமாகத் தர வேண்டாம், வங்கி வழியாகவே அனுப்புங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தாராளமாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களிடம் வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு வேண்டும், அது எங்களிடம் இல்லை, மன்னிக்கவும். கணக்கு விவரம் ரசீதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. புத்தகம் குழு உறுப்பினர்கள் எல்லோரிடமும் இருக்கிறது.

பணம் தர முடியாதவர்கள் சோதனைக்கு வாருங்கள். சர்க்கரை வந்து பத்து வருடமான தாத்தா பாட்டியையும், தொட்டுப் பார்க்க ஒரு பேரனையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. வரவு செலவு மாதா மாதம் ஒரே தாளில் எழுதி, குழு கூடும் இடத்தின் வாசலில் ஒட்டப்படும். தொகை முழுதும் சேராவிட்டால் படம் வரைவதைத் தள்ளிப்போடுவோம். களச் சோதனைப் பணத்தைத் தொடமாட்டோம். கூடுதலாகச் சேர்ந்தால் அட்டைகளை இன்னும் அதிகமாக அச்சிட்டுப் பேர்ணாம்பட்டுப் பக்கமும் கொடுப்போம்.

இப்படிக்கு,
பாதப் பரிசோதனைச் செயலிக் குழுவினர்,
குடியாத்தம்