ஜெரோமுக்கு அம்மா எழுதுறது

அன்பு மகன் ஜெரோமுக்கு,

அம்மா எழுதுறேன். போன் அடிச்சா எடுக்க மாட்டேங்க, எடுத்தாலும் "டியூட்டில இருக்கேம்மா"ன்னு வச்சிருத. என்ன டியூட்டின்னு கேட்டா பேச்சை மாத்துத. நேரத்துக்குச் சாப்பிடு. மணப்பாட்டுச் சித்தி மவன் வந்திருந்தான். உன்னை அணு உலை இருக்குற கல்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல பார்த்தானாம், கழுத்துல அட்டை கிடந்துச்சாம். நான் ஒண்ணும் கேக்கல மக்கா.

அப்பாவுக்கு முட்டுவலி, கடலுக்குப் போறதில்ல. மீன்பாடு சுமார்தான்.

கூடங்குளம் அணு உலை வேண்டாம்னு போராடுன மாதா கோயில் பந்தல்ல நாங்க சொளவை மடியில வச்சு பீடி சுத்துனதும், பக்கத்துல உக்காந்து நீ ஏழாம் வகுப்புக் கணக்குப் போட்டதும் மறந்திருக்காது. 2012 செப்டம்பர் 10, கடக்கரையில கண்ணீர்ப்புகை விழுந்தப்ப உன் கையை விடாம ஓடுனேன். அன்னைக்கே மணப்பாட்டுல ஒரு மீனவரைச் சுட்டுப் போட்டாங்க. போராடுனவங்க மேல போட்ட கேஸை வாபஸ் வாங்குறோம்னு 2021-ல அரசாங்கம் சொல்ற வரைக்கும் உன் அண்ணன் பாஸ்போர்ட்டுக்கு எப்படி அலைஞ்சான்னு உனக்கே தெரியும். தெரிஞ்சுமா?

நீ சின்னதுலயே கேட்ப, ஊரெல்லாம் கரண்ட் இல்லாம இருட்டுல கிடக்கு, உலை வேண்டாம்னா கரண்ட் எங்க இருந்து வரும்னு. நியாயமான கேள்விதான். எங்க கேள்விக்கும் பதில் வரணும்ல? 1988-ல ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் இந்த உலைக்கு ஒப்பந்தம் போட்டப்ப, எரிஞ்ச எரிபொருளை சோவியத்காரங்களே திருப்பி எடுத்துக்கிடுவாங்கன்னு இருந்துச்சு. 1998-ல அதை மாத்தி, எல்லாம் இங்கயேன்னு ஆயிட்டு. 2013 மே மாசம் உலையை ஓட்டலாம்னு சொன்ன சுப்ரீம் கோர்ட்டே, அந்தக் கழிவை வைக்க உலைக்கு வெளியில அஞ்சு வருசத்துல தனி இடம் கட்டணும்னும் சொல்லுச்சு. அந்த இடம் கட்டுறதைப் பத்தி 2019 ஜூலையில ராதாபுரத்துல சனங்ககிட்ட கருத்துக் கேக்கப் போறோம்னாங்க, சனம் எதிர்த்ததும் தள்ளி வச்சிட்டாங்க. அதுக்குள்ள மூணு, நாலுன்னு அடுத்தடுத்து உலை கட்டுதாங்க. வீட்டுக்குக் கக்கூஸ் கட்டாம மாடி மேல மாடி எடுக்குற கதைதான்.

நீ இன்ஜினியரிங் பாஸ் பண்ணுன அன்னைக்கு தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். இப்பவும் யாரு கேட்டாலும் எம்மவன் இன்ஜினியருன்னுதான் சொல்லுதேன். எந்தக் கம்பெனின்னு கேட்டா மட்டும் வாய் வரமாட்டேங்கு.

அந்த அணு உலை வேலையாவே இருந்தாலும் விட்டுட்டு வான்னு சொல்ல மாட்டேன். கடன் யாருக்காக அடைக்கன்னு தெரியாதா? வெளிய நின்னு நாங்க கேட்டா தேசத்துரோகம்னு கேஸ் போட்டாங்க. படிச்சவன், உள்ள நிக்கிறவன், கழிவு எங்க போகுதுன்னு நீ கேளு. கேட்டு வேலை போனாலும் போகட்டும். நான் இருக்கேன்.

காண்ட்ராக்டா, நிரந்தரமா? அதை மட்டுமாவது சொல்லு. காண்ட்ராக்ட்காரங்களைத்தான் கதிர்வீச்சு உள்ள இடத்துக்கு முதல்ல அனுப்புவாங்கன்னு சொல்லுதாங்க. அதை அளக்குற பேட்ஜைச் சட்டையில குத்தாம உள்ள போகாத. நேரத்துக்குச் சாப்பிடு.

மாதா திருவிழாவுக்கு வந்திரு. அப்பாகிட்ட நான் எதுவும் சொல்லல, நீயே வந்து சொல்லு.

அம்மா
இடிந்தகரை